காபரேட்டரைக் கழற்றுமுன்: எந்தக் குறைக்கு எந்தத் துளை

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் எங்கள் கராஜுக்கு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே சொல்வது ஒன்றுதான்: “காபரேட்டரைக் கழற்றிக் கழுவிவிடுங்க.” நான் உடனே கழற்றுவதில்லை. எப்போது நூருகிறது (அணைந்து நிற்கிறது), எஞ்சின் சூடான பிறகா முன்னமா, சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையைத் தடிப்பாக்கும் நெம்பு) போட்டால் என்ன செய்கிறது என்று கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும், “இவன் என்ன, டொக்டர் மாதிரிக் கேட்கிறான்” என்று. ஆனால் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டருக்குள் பெற்றோல் போக ஒரு வழி மட்டும் இல்லை. ரேஸ் கொடுக்காதபோது ஒன்று, அக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் ஒன்று, முழுக்க முறுக்கினால் இன்னொன்று. அடைத்தது எது என்பதை வண்டியே சொல்லிவிடும். கேளாமல் கழற்றினால், ஊத்தையால் கெட்டதைவிட ஸ்குரூ டிரைவரால் கெட்டதுதான் அதிகமாக இருக்கும்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் அங்கே புதிய பைக்குகள் பெரும்பாலும் காபரேட்டரை விட்டுப் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதே வருடம்தான் இங்கே இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025-ல்தான் மறுபடி கதவு திறந்தது. ஆகவே மட்டக்களப்பு வாவியின் இரு பக்கத்திலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இன்றைக்கும் ஓடுவதில் பெரும்பகுதி பழைய சிடி 100, டிஸ்கவர், ஸ்பிளெண்டர், பல்சர்கள்தான். அவற்றின் காபரேட்டர்களுக்கு 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசை ஒரு பெரிய அடி. கானிலும் சோடாப் போத்தலிலும் மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பெற்றோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது வார்னிஷ் மாதிரி ஒட்டும் பிசின். ஓடாமல் நிறுத்தி வைத்த வண்டிகளின் காபரேட்டர் அடியில் பெற்றோல் தங்கும் கிண்ணத்துக்குள்ளும் அதுவேதான் நடந்தது. அந்தப் பிசினோடு இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன.

ஸ்குரூ டிரைவரை எடுக்குமுன்

முதலில் டாங்கிக்கு அடியிலுள்ள பெற்றோல் கொக் (திறந்து மூடும் குழாய்) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒருவராவது மூடிய கொக்கோடு வருவார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறம் என்றால் கலவை சரி. அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தால் பெற்றோல் கூட. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்றுக் கூட, பெற்றோல் போதாது. பிளக் நனைந்திருந்து பொறியும் இல்லையென்றால் காபரேட்டரைத் தொடவே வேண்டாம், பிளக்கையும் வயரையும் பாருங்கள்.

அடுத்தது, என் கணக்கில், எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை. காபரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன வடிகால் ஸ்குரூ இருக்கும். அதன் கீழே வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஸ்குரூவைத் தளர்த்துங்கள். பெற்றோல் தொடர்ந்து ஒழுகினால் டாங்கியிலிருந்து கிண்ணம்வரை வழி சுத்தம். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் அடைப்பு மேலே, கொக்கிலோ குழாயிலோ, கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை மூடும் மிதவை ஊசியிலோ இருக்கிறது. போத்தலின் அடியில் முத்து முத்தாக உருண்டு கிடந்தால் தண்ணீர். செம்மண் மாதிரிப் படிந்தால் டாங்கித் துரு. ஒரு ஸ்குரூவும் ஒரு போத்தலும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சிகரெட் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். விறாந்தை மூலையில் புகைந்துகொண்டிருக்கும் நுளம்புத்திரியைத்தான் மறந்துவிடுவார்கள். பின்னேரம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“சோக் போட்டால்தான் நிற்கிறது, சோக்கை எடுத்தால் நூருது”

வருகிற முறைப்பாடுகளில் அதிகமானது இதுதான். சில வேளை வேறு மாதிரியும் சொல்வார்கள்: “ஓடும்போது நல்லம், கல்லடிப் பாலத்தடியில் வாகனங்களுக்குப் பின்னால் நின்றால் ஓஃப் ஆகுது.” இரண்டும் ஒன்றே. ரேஸ் கொடுக்காத நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு முறுக்கும்வரை பெற்றோல் கொடுப்பது பைலட் ஜெட். ஜெட் என்றால் நடுவில் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு. பைலட் ஜெட்டைச் சிலர் ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை ஒரு மில்லிமீற்றரில் பாதிகூட இல்லை. கெய்ஹின் ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 0.38 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்ளலாம். பிசின் முதலில் பிடிப்பது இந்தத் துளையைத்தான்.

இந்தக் குறையோடு வரும் வண்டியில், ரேஸ் கொடுக்காதபோது ஓடும் வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்குரூவை ஏற்கெனவே யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள், நூராமல் இருக்கட்டும் என்று. அது சிலைடை (முறுக்க முறுக்க மேலே எழுந்து காற்று வழியைத் திறக்கும் துண்டு) தூக்கிப் பிடித்துக்கொண்டு வேறு வழியால் பெற்றோல் எடுக்க வைக்கிறது. அடைப்பு அப்படியே இருக்கும். ஆகவே முதலில் அந்த ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும்.

கழற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொக்கை மூடுங்கள், கிண்ணத்துப் பெற்றோலை வடியுங்கள். காபரேட்டரை வெளியே எடுத்ததும் உள்ளே எதையும் தொடாமல் வெளிப்புறத்தைப் பிரஷால் கழுவுங்கள். இல்லாவிட்டால் கிறவல் ரோட்டுத் தூசி முழுக்க உள்ளே போகும். கிண்ணத்தின் ஸ்குரூக்களுக்கு அளவான முனையை நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். தலை நெளிந்துவிட்டால் அரை நாள் வேலை. கிண்ணம் வந்ததும் நடுவில் பெரிய பித்தளைக் குழாயோடு இருப்பது மெயின் ஜெட். பக்கத்தில் குழிக்குள் ஒளிந்திருப்பது பைலட் ஜெட். பித்தளை மெது. ஜெட்டின் தலையிலுள்ள வெட்டை முழுதாக நிரப்பும் தட்டை முனையைத்தான் போட வேண்டும்.

ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் ஊசிமுனை அளவில் வட்டமான வெளிச்சம் தெரியும். பாதி அடைத்தது என்றால் வெளிச்சம் பிறைபோல் இருக்கும். முழுக்க அடைத்ததில் இருட்டுத்தான். துளையின் விளிம்பில் பச்சை நிறத்தில் ஏதாவது படிந்திருந்தால் அது பித்தளை பூத்தது.

இப்போது எதைக் குத்துவது என்ற கேள்வி. சட்டைப் பின், தையல் ஊசி, சைக்கிள் கம்பி எதுவும் வேண்டாம். இரும்பு பித்தளையைக் கீறும். துளை ஒரு மயிரளவு பெரிதானால் அந்த ஜெட்டுக்குப் பிறகு வைத்தியம் இல்லை. ஈர்க்கு நுழையாது, நுழைந்தால் உள்ளே முறியும். நான் பாவிப்பது தங்கூசி, தூண்டில் நைலோன் நூல். வாவியில் தூண்டில் போடுகிறவர்களிடம் 0.25, 0.30 மில்லிமீற்றர் தங்கூசி கட்டாயம் இருக்கும். நுனியைச் சரிவாக வெட்டி உள்ளே விட்டு முன்பின் இழுத்தால் பிசின் சுரண்டி வரும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. அது இல்லையென்றால் பல இழை வயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழை. குத்துமுன் ஜெட்டை அரை மணித்தியாலம் காபரேட்டர் கிளீனரிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப் போட்டால் வேலை சுகம்.

ஜெட் சுத்தமானால் பாதி வேலைதான் முடிந்தது. ஜெட் உட்கார்ந்திருந்த குழியிலிருந்து காபரேட்டர் தொண்டைக்குப் போகும் வழியும் திறக்க வேண்டும். ஸ்பிரேயின் மெல்லிய குழாயைக் குழிக்குள் வைத்து அடியுங்கள். தொண்டையின் எஞ்சின் பக்கத்தில் குண்டூசிக் குத்துப் போன்ற சிறு துளைகள் இருக்கும். அவற்றினூடாகப் பீய்ச்சி வர வேண்டும். வராவிட்டால் திரும்ப ஊற வைத்து, பிறகு கம்பரசர் காற்று. வீட்டில் கம்பரசர் இல்லாதவர் காபரேட்டரைப் பையில் போட்டு ரயர் கடைக்குக் கொண்டு போகலாம். ஐந்து நிமிட வேலை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடிக்கும் ஸ்பிரே நீங்கள் நினைக்காத இன்னொரு துளையால் நேரே கண்ணுக்கு வரும்.

காற்றுக்கலவை ஸ்குரூவைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் உள்ளே மெதுவாக இறுக்கிக்கொண்டே எத்தனை சுற்று என்று எண்ணி, பக்கத்தில் கிடக்கும் அட்டைப் பெட்டியில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். முட்டியதும் நிறுத்துங்கள், அழுத்தினால் நுனி நசியும். அதன் பின்னாலேயே ஸ்பிரிங், சின்ன வாசர், ஓ ரிங் என்று மூன்று வரும், அந்த வரிசையில்தான் திரும்பப் போட வேண்டும். ஓ ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்து எடுங்கள். எத்தனை சுற்று என்று தெரியாமல் போனால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சத்தம் எங்கே சீராகவும் கூடவும் வருகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங்கை இறக்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்குரூ எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே திருப்பினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோலை அளக்கிறது, வெளியே திருப்பினால் கலவை தடிக்கும்.

“பெற்றோல் ஒழுகுது”

இரவு நிறுத்திய இடத்தில் காலையில் பெற்றோல் மணம், எஞ்சினுக்குக் கீழே மண்ணில் நனைந்த வட்டம். மிதவை ஊசி மூடவில்லை. பாதி நேரம் ஒரு துளி துரு அல்லது மணல் ஊசிக்கும் அது உட்காரும் இருக்கைக்கும் நடுவில் சிக்கியிருக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள், அல்லது வடிகால் ஸ்குரூவைத் திறந்து கொஞ்சம் ஓட விடுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

நிற்காவிட்டால் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். மிதவை தொங்கும் தண்டை எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவது என்று பார்த்துத் தள்ளுங்கள்; அந்தத் தண்டைத் தாங்கும் கால்கள் சட்டென்று உடையும். ஊசியின் ரப்பர் நுனியில் வளையம்போல் ஒரு தழும்பு விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை, புதிது போடுங்கள். இருக்கையைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் திருகித் துடையுங்கள். மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெற்றோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை, மிதக்காது. எல்லாம் பூட்டியதும் காபரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெற்றோல் வரும் வாயில் சுத்தமான குழாய் வைத்து ஊதுங்கள். மிதவையின் பாரத்தில் ஊசி மூடியிருப்பதால் காற்றுப் போகக் கூடாது.

இதில் பலர் தவறவிடுவது ஒன்றுண்டு. இரவு முழுக்க வடிந்த பெற்றோல் வெளியே மட்டும் போவதில்லை, சிலிண்டர் வழியாக எஞ்சின் ஒயிலுக்குள்ளும் இறங்கும். ஒயில் குச்சியை எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணத்தாலோ அளவு கூடியிருந்தாலோ ஒயிலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம். தண்ணீராய்ப் போன ஒயிலோடு அக்கரைப்பற்றுவரை போய், எஞ்சின் இறுகித் திரும்பிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். காபரேட்டருக்குப் போக வேண்டிய சில நூறு ரூபாய், பிஸ்டனுக்குப் போயிற்று.

“மழைக்குப் பிறகு இப்படித்தான்”

வாடைக்காற்று மாதங்களில், மார்கழி வெள்ளத்தில், கராஜ் வாசல் நிறைந்திருக்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம், ஆகவே டாங்கியின் அடியில் தங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழையே உள்ளே போகும். டாங்கியில் பெற்றோல் இருக்கும்வரை தெரியாது. கொக்கை ரிசேர்வுக்குத் திருப்பியதும் அடியிலிருந்து இழுக்கத் தொடங்கும், இரண்டு வளைவு தாண்டாமல் நூரும். வடிகால் போத்தல் சோதனையில் முத்துக்கள் தெரிந்தால் கிண்ணத்தை மட்டும் வடித்துவிட்டு ஓடாதீர்கள், டாங்கியையும் முழுக்க வடியுங்கள்.

வண்டி வெள்ளத்துக்குள் மூழ்கியிருந்தால் முதலில் கிக்கரில் கை, கால் வைக்க வேண்டாம். எயார் பில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரைக் கொட்டி, பிளக்கைக் கழற்றி, அதன் பிறகுதான் மற்றதெல்லாம். வாவித் தண்ணீர் என்றால் உப்பும் சேரும். காபரேட்டரை அன்றே கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால் ஒரு கிழமைக்குள் உள்ளே வெள்ளைப் பூப் பூத்துவிடும். கடற்கரை ஓரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அந்தப் பூ மூழ்காமலேயே மெல்ல மெல்ல வரும்.

“முறுக்கும்போது விக்குது, பிறகு பிய்த்துக்கொண்டு போகுது”

காற்பங்கு முறுக்கிலிருந்து முக்கால்வரை சிலைடில் தொங்கும் ஊசிதான் ஆள். விக்கல் அந்த இடத்தில் என்றால் ஊசி நுழையும் பித்தளைக் குழாயின் பக்கத் துளைகளைப் பாருங்கள். அதற்குள்ளும் பிசின் பிடிக்கும். முழு முறுக்கில் மட்டும் மூச்சுத் திணறினால் மெயின் ஜெட் அல்லது பெற்றோல் வரத்து. ஊசியின் தலையிலுள்ள கிளிப் எந்த வெட்டில் இருந்தது என்று பார்த்துவைத்து அதே வெட்டில் போடுங்கள். கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும்.

சிலைடைத் திரும்ப விடும்போது வெட்டியிருக்கும் சரிவு எயார் பில்டர் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஐட்லிங் பிடிபடாது, ரேஸ் இறங்காது.

பல்சர் போன்ற சில வண்டிகளில் சிலைடைத் தூக்குவது ஒரு மெல்லிய ரப்பர் டயாபிரம். அதை வெளிச்சத்துக்கு விரித்துப் பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இதில் நான் பட்டது ஒன்று. தொழில் பழகிய காலத்தில் எல்லாவற்றையும்போல அந்த ரப்பருக்கும் கிளீனர் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்தேன். பத்து நிமிடத்தில் அது ஊதி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து, அதன் பள்ளத்துக்குள் உட்காரவே இல்லை. வண்டிக்காரர் திண்ணையில் குந்திக்கொண்டு நேரம் பார்க்கிறார். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. பக்கத்து ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணரை எங்கள் பக்கம் இப்படித்தான் அழைப்போம்) வந்து எட்டிப் பார்த்தார்: “அத இன்னா காத்துல தொங்க விட்டுட்டுப் போய்ப் படு மனே, விடியச் சுருங்கிரும், மறுகா பூட்டு.” விடியச் சுருங்கித்தான் இருந்தது. எல்லா ரப்பரும் அப்படித் திரும்பாது. ஸ்பிரே அடிக்குமுன் ரப்பர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

“ரேஸை விட்டாலும் இறங்காமல் கத்துது”

அக்சிலேட்டர் கேபிள் சிக்கவில்லையென்றால் எங்கோ கள்ளக் காற்று இழுக்கிறது. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர், எங்கள் கச்சான் காற்றுக் கால வெயிலில் வெடிக்கும். ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்தப் பொருத்தைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கே. கிளீனர் ஸ்பிரேயாலும் இதைச் செய்வார்கள், சூடான எஞ்சினில் எனக்கு அது பிடிப்பதில்லை.

“கறுப்புப் புகை, பெற்றோல் குடிக்குது”

சோக் முழுதாகத் திரும்புகிறதா பாருங்கள். பிறகு எயார் பில்டர். பெரும்போக வெட்டு முடிகிற காலத்தில் வயல் பக்கம் ஓடிய வண்டிகளின் பில்டரைத் தட்டினால் வைக்கோல் தூசி ஒரு சிரட்டை விழும். காபரேட்டரில் ஒரு குறையும் இருக்காது.

வீட்டு வைத்தியங்கள்

தேசிக்காய், வினாகிரி, பழப்புளி மூன்றையும் கேட்கிறார்கள். குத்துவிளக்கை மினுக்கும் புளியைக் காபரேட்டருக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் உடல் அலுமினியம், சிங்க் கலந்த வார்ப்பு. புளி அதைக் கறுக்க வைத்து அரித்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுநீரில் ஊறவைப்பதில் பிழையில்லை, ரப்பரும் மிதவையும் கழற்றியிருந்தால். பிறகு நன்றாக அலசிக் காற்றடித்து உலர்த்த வேண்டும். பெட்ரோலிலேயே கழுவுவது தூசிக்குப் போதும், காய்ந்த பிசினுக்குப் போதாது.

“நாலைந்து கிலோமீற்றர் ஓடும், பிறகு நூரும், கொஞ்சம் நின்றால் திரும்பப் பிடிக்கும்”

மண்டூரிலிருந்து ஒருவர் பாதையேறி வந்தார். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. குருமண்வெளித் துறைக்கு வருமுன்னும் ஒருமுறை நின்றதாம், இறங்கியபின்னும் ஒருமுறை. இரண்டு இடத்தில் காசு கொடுத்துக் காபரேட்டர் கழுவியாயிற்று என்றார். கழுவிய ஆட்கள் சுத்தமாகத்தான் கழுவியிருந்தார்கள்.

அவரையே ஓட்டிவரச் சொல்லி, நூர்ந்ததும் டாங்கி மூடியைத் திறக்கச் சொன்னேன். வீதியில் நின்று திறந்தார். எனக்கே கேட்டது, உஸ் என்று. பெற்றோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு வெளிக்காற்று மூடியின் சிறு துளையால் உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் பிடித்துப் பெற்றோலை இறங்க விடாது. சற்று நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி பிடிக்கும், திரும்ப நூரும்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். துளைக்குள் குளவி மண் வைத்திருந்தது. மேசையில் கிடந்த அதே தங்கூசியால் குத்தி எடுத்தேன். காபரேட்டரில் ஒரு ஸ்குரூவும் தொடவில்லை. “இவ்வளவுதானா கா?” என்று கேட்டுவிட்டு, பின்னேரப் பாதை போகுமுன் துறைக்குப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.